அரிதாரம் கலைத்த ஆசான்

தூத்துக்குடியில் உப்புக் கம்பெனிக் கணக்கு எழுதிக்கொண்டிருந்த ஒருவர் இருபத்து நாலு வயதில் அதை உதறிவிட்டு நாடகத்துக்கு வந்தார். அப்படி வந்ததற்காகவே சங்கரதாஸ் சுவாமிகளைக் கும்பிடத் தோன்றுகிறது எனக்கு. 1867இல் பிறந்தவர். தந்தை இராமாயணத்தில் கரைகண்ட புலவர். தமிழ் வீட்டிலேயே கிடைத்தது. தாளமோ புதுக்கோட்டையில் கஞ்சிரா மேதை மான்பூண்டியா பிள்ளையிடம் பழகியபோது வந்தது. அவர் பாட்டு சாதாரணக் குரலில்கூட அத்தனை அழகாக உட்காருவதற்கு இந்தப் பழக்கமே காரணம் என்பேன்.

நடிகராக அவர் கட்டியதெல்லாம் இரணியன், இராவணன், எமன், சனீஸ்வரன். நளதமயந்தி முடிந்த ஒரு விடியற்காலையில், சனீஸ்வரன் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குப் போனாராம். துணி வெளுக்க வந்த பெண் அவரைக் கண்டு அரண்டு உயிரையே விட்டாள் என்று நாடகக்காரர்கள் சொல்வார்கள். அவர் எமனாக வந்ததைப் பார்த்து ஒரு கர்ப்பிணிக்குக் கரு கலைந்ததாகவும் ஒரு கதை உண்டு. அதன்பின் அவர் அரிதாரம் பூசவில்லை. உச்சத்தில் இருக்கும்போது தன் நடிப்புக்கே அஞ்சி விலகிய இன்னொரு நடிகரை எனக்குத் தெரியாது. என்ன மனசு அது!

விலகியவர் எழுதவும் சொல்லிக்கொடுக்கவும் உட்கார்ந்தார். வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி என்று வந்துகொண்டே இருந்தன. எங்கள் அண்ணாகிராமம் பக்கம் விடிய விடிய நடப்பது தெருக்கூத்து. ஆர்மோனியப் பெட்டி வைத்த ஸ்பெஷல் நாடகத்தைப் புதுக்கோட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில்தான் முதலில் பார்த்தேன். நடுச்சாமம் தாண்டி வள்ளியும் நாரதரும் தர்க்கத்தில் இறங்கினார்கள். ஒருவர் கேள்வி முடியுமுன் மற்றவர் பாட்டாகவே மடக்குகிறார்! கூட்டத்தில் ஒருவர் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த பெரியவர், "ரெண்டு பேரும் வேற வேற ஊரு தம்பி. ஒத்திகையெல்லாம் கெடையாது" என்றார். உடம்பு சிலிர்த்துவிட்டது. ராஜபார்ட், ஸ்திரீபார்ட், பபூன், மிருதங்கம் என்று ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசி வரவழைக்கிறார்கள். பொழுது சாய வந்து இறங்கி, பவுடர் போட்டு, மேடை ஏறிவிடுகிறார்கள். எல்லார் மனசிலும் சுவாமிகளின் பாடம் ஒன்றாகக் கிடக்கிறது, அது போதும். செத்து நூறு வருஷத்துக்கு மேலாகியும் வாத்தியாராக இருக்கிறார் மனிதர்.

1918இல் மதுரையில் அவர் தொடங்கிய தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா முழுக்கச் சிறுவர்களின் கம்பெனி. டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே வளர்ந்தவர்கள்தான். பாலகனாயிருந்த டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி'யை ஒரே இரவில் எழுதி முடித்தார். நாலு மணி நேர நாடகம், பாட்டு வசனம் எல்லாம் சேர்த்து. அடித்தல் திருத்தல் இல்லாமல்! சண்முகம் தன் 'எனது நாடக வாழ்க்கை'யில் இதையெல்லாம் எழுதியிருக்கிறார். கிடைத்தால் விடாதீர்கள்.

1922 நவம்பர் 13ஆம் தேதி புதுச்சேரியில் அவர் உயிர் பிரிந்தது. கருவடிக்குப்பத்தில் அடக்கம். எங்கள் ஊருக்கு எட்டும் தூரத்தில் இப்படி ஒருவர் இருக்கிறார் என்பதில் எனக்குத் தனிப் பெருமை உண்டு. நினைவு நாளில் நாடகக்காரர்கள் பறையடித்து, பாடி, ஆடி அங்கே வருவார்கள். அந்தக் கூட்டத்தில் நின்றால் தொண்டை அடைக்கிறது.

புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயர்தான் வைத்தார்கள். பண்ருட்டி, நெல்லிக்குப்பம் பக்கம் கூத்துக் கட்டும் வீட்டுப் பிள்ளைகள் நாடகம் படிக்க டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. புதுச்சேரி பஸ்ஸில் ஏற்றிவிடுங்கள்.