மருமகள் போகும் வீடும் மருமகன் வரும் வீடும்
கடல்கடந்த மட்டக்களப்பாரின் தொலைக்காட்சி பற்றி ஒரு நோக்கு

புலம்பெயர்ந்து வாழும் இலங்கைத் தமிழர் இல்லங்களில் ‘ஊர் ரீவி’ என்று வழங்கப்படுவது உண்மையில் எவ்வூரின் தொலைக்காட்சி என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. சூரிச்சிலோ ரொறன்ரோவிலோ வேலை முடிந்து வீடு திரும்பும் ஒருவர் சுவரில் மாட்டிய ஸ்மார்ட் ரீவியை இயக்கியதும் திரையிலே வரிசையாகத் தோன்றுவன பெரும்பாலும் சென்னைத் தொடர்நாடகங்களும் சென்னைப் பாட்டுப் போட்டிகளுமே. கூரையில் வட்டத் தட்டு பூட்டிச் செய்மதி வழியாக அவற்றைப் பார்த்த காலம் ஒன்றிருந்தது. பின்னர் மாதக் கட்டணப் பெட்டி வந்தது. இன்று இணையமே போதுமாயிருக்கின்றது. கருவி மூன்று முறை மாறியும் காட்டப்படும் ஊர் மாறவில்லை. யாழ்ப்பாணத்தவர்க்கும் மலையகத்தவர்க்கும் இது பொருந்துமாயினும், மட்டக்களப்பு வாவியின் இருகரையினின்றும் சென்றவர்களைப் பொறுத்தவரை இம்முரண் ஒரு படி ஆழமானது. மொழிநடை வேறு, நிலக்காட்சி வேறு என்பதோடு அது நின்றுவிடுவதில்லை. திரையிலே தெரியும் வீடே அவர்களுடைய வீட்டின் தலைகீழ் வடிவமாக அமைந்துள்ளது.

இதற்கு ஒரு தொடரைச் சான்றாகக் கொள்ளலாம். 2022 முதல் 2024 வரை சன் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ‘எதிர்நீச்சல்’ கடல்கடந்த தமிழர் பலரும் தவறாது பார்த்த தொடராகும். ‘கோலங்கள்’ தொடரை இயக்கிய திருச்செல்வமே இதனையும் இயக்கினார். மதுரையில் ஒரு பெருவீடு. அதனை ஆட்டிவைக்கும் மூத்த அண்ணன் ஆதி குணசேகரன். அவ்வீட்டுக்கு மருமக்களாய் வந்து, கற்ற கல்வியையும் கொண்ட கனவையும் அடுப்படியிலே புதைத்துவிட்டு வாழும் பெண்கள். இறுதியாக வந்த மருமகள் மூட்டும் கிளர்ச்சி. இதுவே கதையின் அச்சாணி. குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டெம்பரில் மறைந்தபோது கதையும் தளர்வுற்றது என்பது பார்வையாளர் பலரின் எண்ணம். அவருடைய குரலும் உடல்மொழியும் அப்பாத்திரத்துக்கு அளித்த கனத்தைப் பிறிதொருவர் அளித்தல் எளிதன்று. மாமியார் கொடுமையை வெறும் கண்ணீராக்கி விற்ற பல தொடர்களுக்கு நடுவே, ஆணாதிக்கத்தின் பொருளியல் அடித்தளத்தை ஓரளவேனும் சுட்டிய படைப்பு இது என்பதை மறுத்தல் நேர்மையாகாது. சொத்து யாருடைய பெயரில் உள்ளது, அதனால் யாருடைய சொல் ஏறும் என்னும் கேள்வி அத்தொடரிலே திரும்பத் திரும்ப எழுகின்றது.

அக்கேள்வியையே மட்டக்களப்பு வீட்டின் வாசலில் வைத்துக் கேட்டால் விடை வேறாகின்றது. இங்கே மணமகள் புகுந்த வீடு செல்வதில்லை. மணமகனே பெண்ணின் வீட்டுக்கு வருகின்றான். வீடும் வளவும் சீதனமாகப் பெண்ணின் பெயருக்கு எழுதப்படுகின்றன. மூத்த மகளுக்குத் தாம் இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கென வேறொரு வீட்டைக் கட்டிக்கொண்டு பெற்றோர் இடம்பெயர்வது எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் இயல்பாய்க் காணப்படும் வழக்கம். குடி என்பது தாய்வழியே வருவது. கோயிற் சடங்கில் யாருக்கு எவ்வுரிமை என்பதையும் அதுவே தீர்மானிக்கின்றது. இது தமிழருக்கு மட்டும் உரியதன்று. காத்தான்குடி, அக்கரைப்பற்று முதலிய ஊர்களின் முஸ்லிம்களும் இதே முறையினரே. இப்பகுதியின் பழைய மரபுரிமை வழக்கைப் பிரிட்டோ 1876இல் ‘முக்குவர் சட்டம்’ பற்றிய நூலாக வெளியிட்டார். பண்டிதர் வீ. சீ. கந்தையா 1964இல் ‘மட்டக்களப்புத் தமிழகம்’ என்னும் நூலில் இப்பகுதியின் வாழ்வையும் வழக்காறுகளையும் தொகுத்தளித்தார். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்தி 2008இல் விரிவான நூலொன்றை வெளியிட்டார். எனவே இம்முறைமை அறியப்படாத ஒன்றன்று. திரைக்கு மட்டுமே அது எட்டவில்லை.

இவ்வகையில் நோக்குமிடத்து, ‘வீட்டோடு மாப்பிள்ளை’ என்னும் தொடர் மனங்கொள்ளத்தக்கது. தமிழ்நாட்டுத் தொடர்களிலும் திரைப்படங்களிலும் அது ஏளனச் சொல். அவ்வாறு அழைக்கப்பட்டவன் முதுகெலும்பற்றவன் என்றோ சொத்துக்காக அலைபவன் என்றோ கொள்ளப்படுவான். மட்டக்களப்பிலே மணமுடித்த ஆண்மகன் ஒவ்வொருவனும் வீட்டோடு மாப்பிள்ளைதான். பெண்வீட்டில் வாழ்ந்து, பெண்வீட்டு வளவில் தென்னை நட்டு, பெண்வீட்டாரின் கோயிற் கடமைகளில் தோள்கொடுத்து முதுமையடைந்த தந்தை ஒருவரின் பிள்ளைகள், கனடாவில் அமர்ந்து அந்தச் சொல்லுக்குச் சிரிக்கின்றனர். சிரிக்கும்போது தங்கள் தகப்பனையே நகைக்கின்றோம் என்பது அவர்களுக்குப் புலப்படுவதில்லை. அங்கேயே பிறந்து வளர்ந்த அடுத்த தலைமுறைக்கோ நகைப்பதற்குக்கூட ஒப்பீடு இல்லை. தமிழர் குடும்பம் என்றாலே மருமகள் கைப்பெட்டியுடன் கணவன் வீட்டு வாசலில் நிற்பது என்று அது கற்றுக்கொள்கின்றது.

இதனாற் பெண்ணுக்கு இங்கு துன்பமில்லை என்று கூறிவிட முடியாது. வீடு பெண்ணின் பெயரில் இருத்தல் வேறு, வீட்டில் அவள் சொல் ஏறுதல் வேறு. சீதன வீட்டைக் கட்டுவதற்காகவே இம்மாவட்டத்துப் பெண்கள் பலர் சவூதிக்கும் கட்டாருக்கும் குவைத்துக்கும் வீட்டுப் பணிப்பெண்களாகச் சென்றனர்; இன்றும் செல்கின்றனர். தங்கைக்கு வீடு கட்டி முடித்த பின்னரே தன் திருமணம் என்று வளைகுடாவில் பத்தாண்டைக் கழிக்கும் அண்ணன்மாரும் உளர். அத்திவாரம் இட்டு, சுவர் எழுப்பி, பூசப்படாமல் நிற்கும் வீடுகளைக் கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளிப் பக்கம் செல்வோர் காணலாம். அவற்றின் ஒவ்வொரு கல்லுக்கும் பின்னால் ஓர் அந்நிய நாட்டு மாதச் சம்பளம் இருக்கின்றது. மூத்த சகோதரிக்கு அமைந்த வீட்டுக்கும் இளையவளுக்கு அமையாத வீட்டுக்குமிடையே எழும் மனக்கசப்பு, மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு அடுப்படிச் சாய்ப்பில் ஒதுங்கும் தாயின் தனிமை, மனைவியின் பெயரிலுள்ள வீட்டில் ஆணின் அதிகாரம் எடுக்கும் வேடங்கள் ஆகியனவே இப்பிரதேசத்தின் குடும்ப நாடகம். மாமியார்–மருமகள் என்னும் வாய்பாட்டால் இவற்றுள் ஒன்றையேனும் சொல்ல இயலாது.

ஸ்மார்ட் ரீவி என்று பொதுவாகப் பேசும்போது ஒரு வேறுபாடும் மறைந்துவிடுகின்றது. அகன்ற திரையும் சாய்மனைக் கதிரையும் ஐரோப்பாவிலும் கனடாவிலும் குடும்பமாய்க் குடியேறியோர்க்கு உரியவை. றியாத்தில் பிறர் வீட்டுத் தொலைக்காட்சியைத் துடைத்து வைக்கும் பெண்ணுக்கு ஊர் தெரிவது இரவு பதினொரு மணிக்குமேல், கைத்தொலைபேசியின் உள்ளங்கையளவுத் திரையில்தான்.

இலங்கையில் தொலைக்காட்சி இல்லாமலில்லை. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. தனியார் துறையில் 1998இல் சக்தி வந்தது. அரச துறையில் 2009இல் வசந்தம் வந்தது. ஆயினும் தமிழ்த் தொலைக்காட்சி நாடகம் தொடர்ச்சியான ஒரு மரபாக இங்கே வேரூன்றவில்லை. சென்னையில் ஆயிரக்கணக்கான அத்தியாயங்களாகத் தயாரித்து விற்கப்படுவதை வாங்கி ஒளிபரப்புதல் செலவு குறைந்தது. விளம்பரதாரரும் அதனையே விரும்புவர். வானொலி இவ்வகையில் மேம்பட்டு நின்றது. சில்லையூர் செல்வராசனின் ‘தணியாத தாகம்’ இலங்கை வானொலியில் தொடராக ஒலித்தபோது, இந்நாட்டுத் தமிழ்க் குடும்பமொன்று இந்நாட்டுத் தமிழிலேயே பேசிற்று. ஒலிக்குக் கிடைத்த வாய்ப்பு ஒளிக்குக் கிடைக்கவில்லை.

1970களின் முற்பகுதியில் தமிழ்நாட்டு வணிக இதழ்களின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டது ஈழத்து இலக்கியத்துக்கு உரமூட்டியது என்று வாதிப்போர் இன்றும் உளர். அவ்வாதத்தில் உண்மை ஓரளவு உண்டு. அக்காலத்தில் உள்ளூர்ச் சஞ்சிகைகளும் நூல்களும் பெருகின. ஆனால் அந்த மருந்து இந்த நோய்க்கு உதவாது. இதழ் துறைமுகத்தில் இறங்கியது. தொடர் எத்துறைமுகத்திலும் இறங்குவதில்லை. அன்றியும் சூரிச்சில் இருப்பவர் எதைப் பார்க்கலாம் என்று கொழும்பு விதிக்க முடியாது, விதிக்கவும் கூடாது. சென்னைத் தொடரைப் பார்ப்பது குற்றமன்று. வேறெதுவும் பார்ப்பதற்கின்றி அதுவே ‘ஊர்’ என்னும் பெயரையும் எடுத்துக்கொள்வதே குறை.

மொழி பற்றியும் ஒரு சொல். மட்டக்களப்புத் தமிழைத் தமிழின் பேச்சு வழக்குகளுள் எழுத்து வழக்குக்கு மிக நெருங்கியது என்று செக் நாட்டு அறிஞர் கமில் சுவெலபில் மதிப்பிட்டார். அப்பேச்சு சென்னைத் தொடரில் ஒலிக்காமை இயல்பே. புலம்பெயர் தமிழர் தாமே நடத்திய ஒலிபரப்புகளிலும் ஒளிபரப்புகளிலும் யாழ்ப்பாணப் பேச்சே பொது ஈழத்தமிழாக நின்றது என்பதுதான் கூடுதலாக வருந்தத்தக்கது. ‘மறுகா’ என்று ஒருவர் பேச்சைத் தொடர்ந்தால் அது நகைச்சுவைக் காட்சி என்று பார்வையாளர் உடனே எதிர்பார்க்கின்றனர்.

இவை அனைத்துக்கும் மாறாக, கலையழகு எதனையும் கோராத ஓர் ஒளிபரப்பு அண்மைக் காலத்தில் உருவாகியுள்ளது. வைகாசிச் சடங்குக் காலத்தில் கோயில்களிலிருந்தும், கூத்து அரங்கேறும் இரவுகளில் களரிகளிலிருந்தும் உள்ளூர் இளைஞர் யூரியூப்பிலும் முகநூலிலும் நேரலை செய்கின்றனர். செட்டிபாளையம், காரைதீவு, தம்பிலுவில் முதலிய ஊர்களின் கண்ணகி அம்மனுக்குரிய பருவம் இது. குளிர்த்தி பாடப்படுவதைச் சுவிசில் ஒரு குடும்பம் மூன்றரை மணி நேரம் பின்தங்கிய கடிகாரத்துடன் அமர்ந்து பார்க்கின்றது. ரொறன்ரோவில் அது முதல் நாள் மாலையாகவே இருக்கும். ஒளி மங்கல், ஒலி இரைச்சல். கெமரா நெடுநேரம் அசையாதிருக்கும். அசையும்போது பெரும்பாலும் விருந்தினரை நோக்கியே திரும்பும். எனினும் இங்கே பார்ப்பவர் தம் குடியின் பெயர் ஒலிபெருக்கியில் கூறப்படுவதைக் கேட்கின்றார். அக்காளின் மகள் கூட்டத்தில் நிற்பதைக் கண்டுகொள்கின்றார். மதுரைப் பெருவீட்டின் ஆயிரம் அத்தியாயங்களைவிட இந்த மங்கலான இரண்டு மணி நேரம் உண்மைக்கு அணித்தானது எனத் தயங்காமற் கூறலாம்.

உண்மைக்கு அணித்தானது என்பதனால் விமர்சனத்துக்கு அப்பாற்பட்டதாகிவிடாது. கூத்தைப் பொறுத்தவரை ஒரு பெருங்குறை உண்டு. மட்டக்களப்புக் கூத்து வட்டக்களரிக்கு உரியது. வடமோடியாயினும் தென்மோடியாயினும் சுற்றிவர இருப்போர் அனைவர்க்குமாக ஆடுவோர் சுழன்று ஆடுவர். முன்புறம் பின்புறம் என்பது அங்கில்லை. 1960களில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனையில் ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ முதலியவற்றை ஒரு பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடைக்குக் கொணர்ந்தபோது விடியும்வரை ஆடப்பட்டது சில மணி நேரமாகச் சுருங்கியது, வட்டம் கோடாகியது. அம்மாற்றம் தெரிந்து செய்யப்பட்டது. எதை விடுகின்றோம், எதற்காக விடுகின்றோம் என்பதை நெறியாளரும், இராவணனாக ஆடிய சி. மௌனகுரு போன்றோரும் அறிந்திருந்தனர். இன்று முக்காலியில் நிறுத்திய கெமரா அதே வேலையை அறியாமற் செய்கின்றது. கெமரா நிற்கும் பக்கத்தை நோக்கி ஆட்டக்காரர் தாமாகவே திரும்பத் தொடங்கிவிடுகின்றனர். கொலுவரவின்போது இது தெளிவாகத் தெரிகின்றது. மறுபக்கம் இருக்கும் கிழவிகளுக்கு வில்லின் முதுகும் கிரீடத்தின் பின்கட்டுமே எஞ்சுகின்றன. கட்டாரில் இருக்கும் பேரனுக்காகக் களரியில் இருக்கும் பேர்த்தியாரின் காட்சி பறிபோகின்றது.

இதற்குப் பெரும்பொருள் வேண்டியதில்லை. கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் ஆட்டமறிந்தோரும் அரங்கறிந்தோரும் இருக்கின்றனர். நேரலை செய்யும் இளைஞர் அடுத்த ஊரிலேயே இருக்கின்றனர். களரியின் எதிர்ப்புறத்தில் இன்னுமொரு தொலைபேசியை நிறுத்தி, மத்தளத்துக்கு அண்மையில் ஓர் ஒலிவாங்கியை வைத்து, ஆட்டம் எத்திசையிற் சுழல்கின்றதென்பதை அண்ணாவியாரிடம் முன்னரே கேட்டுக்கொண்டால், வட்டத்தின் ஒரு பகுதியாவது திரைக்குள் மீளும். பூசப்படாத வீட்டின் கதையை நாடகமாக எழுதுவதற்கும் அதே தொலைபேசிகள் போதும். எழுதுவோரே இன்னும் வரவில்லை.