இராணுவ வணக்கமும் மனித மதிப்பும்
றெமார்க்கின் நாவலை முன்வைத்துச் சில குறிப்புகள்

போர் இலக்கியங்களைத் திறனாய்வோர் பொதுவாகக் களக்காட்சிகளுக்கே முதன்மை கொடுப்பர். படைவாழ்க்கையின் அன்றாடச் சடங்குகள் அவர்தம் கவனத்தை அதிகம் ஈர்ப்பதில்லை. ஆயின், அதிகார உறவுகள் பெரும்பாலும் சிறு செயல்களிலேயே தம்மை வெளிப்படுத்திக்கொள்கின்றன. 1929இல் நூலுருப் பெற்ற ஏரிக் மரியா றெமார்க்கின் 'மேற்குப் போர்முனையில் எல்லாம் அமைதி' என்னும் ஜேர்மன் நாவலில் இராணுவ வணக்கம் பெறும் இடம் இவ்வகையில் நோக்கற்பாலது.

படைமரபின்படி வணக்கம் பதவிக்கு உரியது, ஆளுக்கு உரியதன்று. கீழ்நிலையோன் முதலிற் கையுயர்த்துவான். மேல்நிலையோன் பதில் வணக்கம் செய்வான். கோட்பாட்டளவில் இஃது இருவழிப்பட்ட மரியாதையாகும். நடைமுறையில் அஃது என்னவாகிறது என்பதே றெமார்க் எழுப்பும் வினா.

விடுமுறையில் ஊர் திரும்பிய போல் போய்மர் தெருவில் மேஜர் ஒருவரைக் கவனியாது நடந்துவிடுகிறான். அவரோ அவனை இருபது அடி பின்னே ஓடச்செய்து, மீண்டும் நடந்துவந்து முறைப்படி வணங்குமாறு பணிக்கிறார். களத்திற் சாவோடு வாழ்ந்தவன், குண்டோசை கேளாத தெருவிற் சிறுமைப்படுகிறான். வீடு சென்றதும் அவன் சீருடையைக் களைந்தெறிகிறான்.

போர்முனையில் நிலைமை வேறு. அமைதிக்காலத்தில் தபாற்காரனாயிருந்த ஹிம்மெல்ஸ்டோஸ் பயிற்சி முகாமிலே இளைஞர்களை வதைத்தவன். அவன் முனைக்கு வந்து மரியாதையை எதிர்பார்க்கும்போது தியாடன் எழுந்து நிற்கவும் மறுக்கிறான். ஆனால், அணித்தலைவர் பேர்ட்டிங்கை அவ்வீரர்கள் உள்ளத்தால் மதிக்கின்றனர். தம் ஆட்களைத் தாக்க வந்த தீயெறி படையினரை எதிர்த்தே அவர் மடிகிறார். ஹிம்மெல்ஸ்டோஸ்கூட, முனையின் கொடுமையை அனுபவித்துக் காயமுற்ற தோழனொருவனைச் சுமந்து வந்த பின்னரே அவர்களோடு இணக்கமுறுகிறான். ஆபத்தைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில் மரியாதை தானே பிறக்கிறது. பகிராத இடத்தில் அது கட்டளையாக விதிக்கப்படுகிறது. இம்முரணைப் போதனையாக அன்றி நிகழ்ச்சிகளாகவே காட்டுவது றெமார்க்கின் கலை வெற்றி எனலாம்.

எனினும், நாவலின் எல்லையும் இங்கேயே புலப்படுகிறது. போலின் எதிர்ப்பு சீருடையைக் களைவதோடு அடங்கிவிடுகிறது. அது தனிமனிதக் கசப்பாகவே நின்றுவிடுகிறது. வரலாறோ வேறு வழியையும் காட்டியது. 1917 மார்ச்சில் பெற்றோகிராட் சோவியத் வெளியிட்ட முதலாவது ஆணை, கடமை நேரத்துக்குப் புறம்பான கட்டாய வணக்கத்தை ஒழித்தது. அதிகாரிகள் படைவீரரை 'நீ' என விளிப்பதையும் தடைசெய்தது. 1918 நவம்பரில் கீல் நகரிற் கிளர்ந்தெழுந்த ஜேர்மன் கடற்படையினர், கடமைக்கு அப்பால் மேலதிகாரி என எவரும் இருத்தலாகாது எனக் கோரினர். போல் இறப்பதோ அதற்கு முந்திய ஒக்ரோபர் மாதத்தில். அக்கிளர்ச்சிக்கு முன்னரே கதை முடிவதால், சிறுமைப்பட்டவர் ஒன்றுசேர்ந்து பேசும் குரல் நாவலில் ஒலிப்பதில்லை.

ஆயினும், அக்கோரிக்கைகளின் பின்னிருந்த காயத்தை நாம் உணர்வதற்கு இந்நாவல் பெரிதும் துணைபுரிகின்றது. உணவையும் ஊதியத்தையும் மட்டுமன்றி, எவ்வாறு விளிக்கப்படுகிறோம், யார்முன் எழுந்து நிற்கிறோம் என்பவற்றையும் மனிதர் உரிமைப் பிரச்சினையாகக் கொண்டமைக்குக் காரணம் அம்மேஜரின் தெருவிலேயே தெரிகின்றது. பணிவைக் கட்டளையிட்டுப் பெறலாம். மதிப்பை அவ்வாறு பெறவியலாது. படைமுகாமுக்கு மட்டுமன்றி, ஏற்றத்தாழ்வு நிலவும் எந்த நிறுவனத்துக்கும் இது பொருந்தும்.