விண்டோ பழைய இடத்திலேயே திறக்க வேண்டுமா?

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் இலவச லேப்டாப் திட்டம் தொடங்கியது. அதே மாவட்டத்தின் கடற்கரை ஓரத்தில், பழவேற்காடு ஏரிக்கும் கடலுக்கும் நடுவே இருக்கிறது லைட்ஹவுஸ் குப்பம். அரசுப் பள்ளிப் பிள்ளைகளின் கையோடு இதுபோன்ற மீனவர் குப்பங்களுக்கும் கணினி வந்தது. முதல் சில ஆண்டுகளில் தந்த லேப்டாப்களில் விண்டோஸோடு, சி-டாக் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. வீட்டுக்கு ஒரே கணினி, அதற்குப் பல கைகள், நடுநடுவே மின்வெட்டு. விண்டோக்கள் திரையில் இருந்த இடத்தைச் சேமித்து, மறுபடி திறக்கும்போது மீட்கும் வழக்கத்தை இந்தச் சூழலில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இதன் பயனைக் குறைத்துப் பேச மாட்டேன். இடப்பாதியில் ஸ்கேன் செய்த பக்கம், வலப்பாதியில் லிபர் ஆபீஸ் என்று வைத்துத் தட்டச்சு செய்கிறவருக்குக் கண்ணும் கையும் அந்த அமைப்புக்குப் பழகிவிடும். சிறிய லேப்டாப் திரையில் இரண்டையும் பொருத்துவதே இழுபறி. அதைத் தினமும் முதலிலிருந்து செய்யச் சொல்வது வேலை செய்கிறவரின் நேரத்தைத் திருடுவது.

ஆனால் எப்போது சேமிக்கிறோம்? லினக்ஸில் விண்டோக்களைத் திரையில் காட்டும் பழைய அமைப்பான எக்ஸ் 11 உலகில் 1994-இல் வந்த எக்ஸ்எஸ்எம்பி நெறிமுறைப்படி, அமர்வு மேலாளர் ஒவ்வொரு செயலியிடமும் ‘உன் நிலையைச் சேமி’ என்று சொல்லும். க்னோம் 2 டெஸ்க்டாப்பின் விண்டோ மேனேஜரான மெட்டாசிட்டி இட விவரங்களை ஒரு கோப்பில் எழுதிவைக்கும். நடைமுறையில் இதெல்லாம் லாக்அவுட் செய்யும்போதுதான் நடந்தது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லை. பேட்டரி செத்த லேப்டாப் கரண்ட் போன நொடியில் அணைந்துவிடும். லாக்அவுட்டுக்கு ஏது நேரம்? மீட்பு யாருக்கு அதிகம் தேவையோ அவருக்கே அது கிடைக்காமல் போனது. செய்யவே முடியாத காரியமில்லை இது. பயர்பாக்ஸ் தன் டேப்களின் நிலையைச் சில நொடிகளுக்கு ஒருமுறை வட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறது.

அடுத்தது, எதைச் சேமிக்கிறோம் என்பது. வெறும் எக்ஸ், ஒய் எண்களை மட்டும் சேமித்தால் போதாது. பள்ளியில் புரொஜெக்டரை மாட்டி, விண்டோவை அந்தப் பக்கம் இழுத்துப் பாடம் நடத்துகிறார் ஆசிரியர். மறுநாள் புரொஜெக்டர் இல்லை. செயலி அதே எண்களை நம்பி, இல்லாத திரையில் போய்த் திறக்கிறது. கீழே பட்டையில் பெயர் தெரிகிறது, விண்டோவைக் காணோம். இது குப்பத்து மீனவருக்குத் தெரிந்த கதைதான். ஜிபிஎஸ்ஸில் குறித்த கடலடிப் பாறை அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். மணல் அடைத்து நகரும் பழவேற்காட்டு முகத்துவாரத்தைப் பழைய புள்ளியை வைத்துத் தேடினால் படகு தரைதட்டும். திரையும் முகத்துவாரம் போல மாறுவதுதான். 2021-இல் வந்த விண்டோஸ் 11, மானிட்டரைக் கழற்றி மாட்டினால் விண்டோக்கள் இருந்த இடத்தை நினைவில் வைக்கிறது. சரியான திசை அது.

எக்ஸ் 11-க்கு மாற்றாக 2008-இல் தொடங்கிய வேலேண்ட், செயலி தன் இடத்தைத் தானே தீர்மானிக்கும் உரிமையையே எடுத்துவிட்டது. எந்தத் திரை இருக்கிறது, எது இல்லை என்று முழுதாகத் தெரிந்தது, எல்லா விண்டோக்களையும் சேர்த்துத் திரையில் காட்டும் கம்பாசிட்டருக்குத்தான். ஆகவே முடிவு சரி. மாற்று ஏற்பாடு தயாராகும் முன்பே பழையதை நிறுத்தியதுதான் தவறு. கேடிஇ டெஸ்க்டாப்பில் ஒவ்வொரு செயலிக்கும் விதி எழுதிச் சமாளிக்கலாம். அது விவரம் தெரிந்தவர்களுக்கான வழி. பிளஸ் டூ படிக்கும் பெண்ணுக்கு அல்ல.

ஒரே கணக்கை அண்ணனும் தங்கையும் பயன்படுத்தும் வீட்டில் இன்னொரு சிக்கலும் உண்டு. அண்ணன் திறந்துவைத்ததெல்லாம் தங்கை முன் மறுபடி திறக்கும். பகிர்ந்து பயன்படுத்தும் கணினியில் கேட்காமல் மீட்பது உதவி ஆகாது.

பாஸ் போன்ற அரசு மென்பொருளை உருவாக்குகிறவர்கள் மூன்றைச் செய்து தர வேண்டும்: வேலை நடக்கும்போதே சேமிப்பது, இன்றைய திரைக்குள் அடங்குகிறதா என்று பார்த்து மீட்பது, மீட்கும் முன் கேட்பது. அதுவரை வீட்டில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். விண்டோஸில் விண்டோ காணாமல் போனால் ஆல்ட்டையும் ஸ்பேஸையும் சேர்த்து அழுத்தி, எம் தட்டி, அம்புக்குறி விசையால் இழுத்து வாருங்கள்.