அற்பங்களும் சாட்சியங்களும்: கிளாஸ்பெல்லின் ஓரங்க நாடகம் பற்றிய ஒரு நோக்கு

குடும்பத்துள் நிகழும் வன்முறை இலக்கியப் பொருளாகுமிடத்து, அடிப்பவனது கொடுமையும் அடிபடுபவளது கண்ணீருமே பெரும்பாலும் முதன்மை பெறுகின்றன. வாளாவிருந்த அயலையும் உண்மையைக் கேட்கும் ஆற்றலற்ற நீதித்துறையையும் ஒருசேர விசாரணைக்குட்படுத்தும் ஆக்கங்கள் சிலவே. அமெரிக்க எழுத்தாளர் சூசன் கிளாஸ்பெல் 1916இல் எழுதிய ‘அற்பங்கள்’ என்னும் ஓரங்க நாடகம் அத்தகையது.

கமக்காரன் ஒருவன் படுக்கையிலே கயிற்றால் நெரித்துக் கொல்லப்பட்டுள்ளான். சிறையிலிருக்கும் அவன் மனைவி மேடைக்கு வருவதேயில்லை. அரச சட்டத்தரணியும் ஷெரீப்பும் மாடியிலும் களஞ்சியத்திலும் கொலைக்கான காரணத்தைத் தேடுகின்றனர். அதுவோ அவர்கள் எள்ளிநகையாடிய அடுக்களையிலே கிடக்கின்றது: திடீரெனக் கோணலாகும் தையல், கதவு பிய்ந்த கூடு, கழுத்துத் திருகப்பட்டுப் பட்டுத்துணியிற் பொதியப்பட்ட குருவி. இவற்றின் பொருளை உணர்பவர்கள் உடன்வந்த இரு பெண்களே. ஆனால் அன்றைய அயோவா மாநிலத்திற் பெண்கள் யூரர்களாக அமர இயலாது. 1917இல் இந்நாடகத்தைச் சிறுகதையாக்கியபோது, ‘அவளுக்கு நிகரானோரின் யூரி’ எனப் பொருள்படும் தலைப்பை ஆசிரியர் இட்டமை கருத்தூன்றத்தக்கது.

இறந்தவன் குடியாதவன், கடன் தீர்ப்பவன், சொற்றவறாதவன் என ஊரிற் பெயர்பெற்றவன். ஊரார் வழங்கிய இந்நற்சான்று அவ்வீட்டின் வாசலைத் தாண்டி உள்ளே சென்றதில்லை. ஓராண்டுக்கு மேலாக அவ்வீட்டை எட்டிப்பாராதிருந்த அயற்பெண், தான் செல்லாமையே ஒரு குற்றமென்றும் அதனைத் தண்டிப்பவர் யாரென்றும் குமுறுமிடமே நாடகத்தின் உச்சம் என்பது எமது கருத்து.

ஆயினும், நாடகத்தின் மூலமான வழக்கோடு ஒப்புநோக்குமிடத்து அதன் வரையறையும் புலனாகின்றது. 1900 டிசெம்பரில் அயோவாவிலே கமக்காரன் ஒருவன் உறக்கத்திற் கோடரியால் வெட்டிக் கொல்லப்பட்டான், மனைவி குற்றஞ்சாட்டப்பட்டாள். அவ்வழக்கைச் செய்தியாளராக நின்று எழுதியவர் கிளாஸ்பெல்லே. அப்பெண் கணவனுக்கு அஞ்சி முன்னரே அயலவரிடம் முறையிட்டிருந்தாள். வழக்குத் தொடுத்தோர் அம்முறையீட்டையே கொலைக்கான நோக்கமாகக் காட்டினர். அவள் உதவி வேண்டியபோது குடும்ப விவகாரமாயிருந்தது, அவன் இறந்தபின் அவளுக்கெதிரான சாட்சியமாயிற்று. 1901இல் அவள் குற்றவாளியாகக் காணப்பட்டாள். 1902இல் மாநில உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1903இல் நிகழ்ந்த மறுவிசாரணையில் யூரர்கள் ஒருமுடிவுக்கு வரவில்லை.

வழக்கிலே, அறிந்த அயலார் சிலர் இருந்தனர். நாடகத்திலோ எட்டிப்பாராத அயலே உண்டு. அறிந்தும் வாளாவிருத்தலைச் சந்திக்கத் தவறியமையாகக் கிளாஸ்பெல் மென்மைப்படுத்தியுள்ளார் எனலாம். ஈற்றிலே பெண்களிருவரும் குருவியை மறைத்துவிடுகின்றனர். அவர்களது கருணை ஒருத்தியைக் காக்கக்கூடும். அடுத்த வழக்கிலும் அதே ஆடவரே தேடுவர், அதே மன்றே விசாரிக்கும். இக்குறையிருப்பினும், நீதி தவறுவது தீர்ப்பு வழங்கும் நாளிலன்று, எது சாட்சியம் எது அற்பம் எனப் பிரிக்கும் கணத்திலேயே என்பதை இந்நாடகம் தெளிவாகக் காட்டுகின்றது. அதனாலேயே அது இன்றும் நமது கவனத்துக்குரியதாகின்றது.