'கவுண்ட் நார்மல்' என்றால் என்ன அர்த்தம்?

விந்துப் பரிசோதனை ரிப்போர்ட்டை நாம் படிக்கிற விதத்தைப் பற்றித்தான் இந்தப் பதிவு. ரிப்போர்ட் மேல் எனக்குக் கோபம் இல்லை. திருநாவலூர், உளுந்தூர்பேட்டை பக்கம் கல்யாணமாகி ரெண்டு மூணு வருஷம் குழந்தை இல்லை என்றால், முதலில் பெண்ணுக்குத்தான் எல்லா டெஸ்டும் எடுப்பார்கள். ஆண் லேபுக்குப் போவது ரொம்ப நாள் கழித்துத்தான். 'கவுண்ட் நார்மல்' என்று வந்துவிட்டால் அவர் பக்கம் ஃபைல் குளோஸ். மிச்சம் எல்லாம் அவள் தலையில்.

அந்த 'நார்மல்' எங்கிருந்து வருகிறது? உலக சுகாதார நிறுவனம் 2021-ல் வெளியிட்ட ஆறாவது கையேட்டில் கீழ் எல்லைகள் இருக்கின்றன: ஒரு மில்லிலிட்டரில் 1.6 கோடி விந்தணு, முன்னோக்கி நீந்துபவை 30 சதவீதம், சரியான வடிவம் உள்ளவை 4 சதவீதம். இதைப் பாஸ் மார்க் மாதிரி படிக்கிறோம். ஆனால் அது பாஸ் மார்க் இல்லை. ஒரு வருஷத்துக்குள் துணைவி கருத்தரித்த ஆண்களை வரிசையாக நிறுத்தினால், கடைசி 5 சதவீதம் பேர் எங்கே ஆரம்பிக்கிறார்கள் என்று காட்டும் புள்ளி, அவ்வளவுதான். அதற்குக் கீழே இருந்தும் அப்பா ஆனவர்கள் உண்டு. மேலே இருந்தும் ஆகாதவர்கள் உண்டு.

ஏன் ஆகவில்லை என்பதற்கு ஒரு பதில் கால்சியத்தில் இருக்கிறது. விந்தணுவுக்கு வெளியே இருக்கும் கால்சியத்தின் செறிவு, உள்ளே இருப்பதைப் போல சுமார் 10,000 மடங்கு. வாலில் 'கேட்ஸ்பெர்' என்ற ஒரு வாசல் இருக்கிறது. கருமுட்டையைச் சுற்றியுள்ள செல்கள் சுரக்கும் புரோஜெஸ்டிரோன் பட்டதும் அது திறக்கும், கால்சியம் உள்ளே பாயும். உடனே வாலின் அடி மாறும். சீராக நீந்திக்கொண்டிருந்தது சாட்டை மாதிரி பலமாக வீசும். முட்டையின் கெட்டியான உறையைத் துளைக்க அந்த வீச்சு வேண்டும். இந்த வாசலை எலியில் கண்டுபிடித்தது 2001-ல். மனித விந்தணுவில் புரோஜெஸ்டிரோன் அதைத் திறக்கிறது என்று இரண்டு குழுக்கள் தனித்தனியாகக் காட்டியது 2011-ல்.

சாதாரண ரிப்போர்ட்டில் இது தெரியாது. எத்தனை இருக்கிறது, நகர்கிறதா, வடிவம் எப்படி என்று லேப் பார்க்கிறது. வாசல் திறக்கிறதா என்று பார்ப்பதில்லை. 2024-ல் ஜெர்மனியின் மூன்ஸ்டர் குழு வெளியிட்ட ஆய்வில், சிகிச்சைக்கு வந்த கிட்டத்தட்ட 2,300 ஆண்களைச் சோதித்தார்கள். சிலருக்கு ரிப்போர்ட் நார்மல், ஆனால் கேட்ஸ்பெர் வேலை செய்யவில்லை. காரணம் மரபணுவில். அவர்களுக்கு இயற்கையாகவும் குழந்தை இல்லை, கருப்பைக்குள் விந்து செலுத்தியும் பலன் இல்லை, சோதனைக்குழாய் முறையும் கைகொடுக்கவில்லை. ஒரு விந்தணுவை ஊசியால் நேரடியாக முட்டைக்குள் வைக்கும் 'இக்ஸி' முறையில்தான் குழந்தை பிறந்தது. அதுவரை தோற்ற ஒவ்வொரு சுற்றிலும் ஹார்மோன் ஊசியும் வலியும் யாருக்கு என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, கால்சியம்தான் விஷயம் என்றால் மாத்திரை போடலாமா என்று கேட்பீர்கள். 'வீரியத்துக்குக் கால்சியம்' என்று விளம்பரமும் வருகிறது. அதுவும் தப்பான வாசிப்புதான். ரத்தத்தில் கால்சியம் எவ்வளவு இருக்கணும் என்பதைப் பாராதைராய்டு ஹார்மோன் இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. வாசல் பழுதாக இருந்தால், வெளியே எவ்வளவு கொட்டினாலும் உள்ளே போகாது. இங்கே கால்சியம் சத்து இல்லை, சிக்னல். சிக்னலில் அளவை விட நேரம் முக்கியம்.

இந்த நேரக் கணக்குக்கு நம்ம நாட்டிலேயே ஒரு கதை இருக்கிறது. ஹைதராபாத் சி.சி.எம்.பி.யில் இ.எஸ்.பி. ரெட்டியும் பி.எம். பார்கவாவும் காளையின் விந்து நீரில் பாக்டீரியாவை அடக்கும் ஒரு புரதத்தைக் கண்டு, 1979-ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். பெயர் செமினல்பிளாஸ்மின். 1982-ல் அமெரிக்காவில் ஹென்றி லார்டி குழு, அதே காளை விந்து நீரிலிருந்து, விந்தணுவுக்குள் கால்சியம் போவதைத் தடுக்கும் 'கால்ட்ரின்' என்ற புரதத்தைப் பிரித்தது. கடைசியில் பார்த்தால் இரண்டும் ஒன்றே. 1986-ல் ஹைதராபாத் குழு அதையே தலைப்பாக வைத்துக் கட்டுரை வெளியிட்டது. இது காளையின் கதை, மனிதனுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் கால்சியத்தைத் தடுக்கவும் உடம்பு ஒரு புரதம் வைத்திருக்கிறது என்பது யோசிக்க வைக்கிறது. கால்சியம் சீக்கிரமே பாய்ந்து விந்தணுவின் தலையிலுள்ள நொதிப்பை வழியிலேயே வெடித்துவிட்டால், முட்டையிடம் போய்ச் சேரும்போது அதனால் பயன் இல்லை.

எண்ணிக்கை பார்ப்பது வீண் என்று நான் சொல்லவில்லை. விந்தணுவே இல்லை, மிகக் குறைவு என்பதையெல்லாம் அதுதான் சொல்கிறது. முதல் படியாக ஆணும் பெண்ணும் ஒரே வாரத்தில் டெஸ்ட் எடுக்கட்டும். ஆனால் 'நார்மல்' என்று வந்தால், 'இந்த டெஸ்டில் ஒன்றும் அகப்படவில்லை' என்று மட்டும் படியுங்கள். 'அப்போ குறை அவளிடம்தான்' என்ற வரி எந்த லேப் ரிப்போர்ட்டிலும் அச்சாவதில்லை. அதை நாமாகத்தான் எழுதிச் சேர்க்கிறோம்.