விளையாட்டுக் கூடத்துக்கு எத்தனை வாசல்?

சித்தேரி மலையில் கேம் ஜோன் கிடையாது. எங்கள் பிள்ளைகளுக்கு ராட்டினமும் கொலம்பஸும் பார்க்க வேண்டுமென்றால் மலையிறங்கி, அரூர்ப் பக்கத்துத் திருவிழாவுக்குப் போகணும். ஆனால் கட்டடத்துக்குள்ளேயே நடக்கும் விளையாட்டுக் கூடங்கள் பெருநகர மால்களைத் தாண்டி சின்ன ஊர்களுக்கும் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றைப் பற்றி எழுதுபவர்கள் மூன்றே விஷயம்தான் சொல்கிறார்கள்: டிக்கெட் எவ்வளவு, ஏசி இருக்கா, எத்தனை விளையாட்டு. வாசலைப் பற்றி ஒரு வரி கூட இருக்காது.

குஜராத்தின் ராஜ்கோட்டில் டிஆர்பி கேம் ஜோன் எரிந்தது 2024 மே 25 அன்று. கோடை விடுமுறை, சனிக்கிழமை, 99 ரூபாய் சலுகைக் கட்டணம்; கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்? தகரக் கொட்டகை மாதிரியான தற்காலிகக் கட்டடம். உள்ளே வெல்டிங் வேலை ஒரு பக்கம், சேமித்து வைத்த பெட்ரோல், டீசல் இன்னொரு பக்கம். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. குழந்தைகள் உட்பட 27 பேர் இறந்தார்கள். குஜராத் உயர் நீதிமன்றம் இதைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது.

திருவிழா ராட்டினம் பத்திரமானது என்று நான் சொல்லவில்லை. துருப்பிடித்த போல்ட்டும், தரையில் கிடக்கும் கரண்ட் ஒயரும் எல்லோரும் பார்த்ததுதான். ஆனால் அந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியும். தீப்பிடித்தால் ஓட நாலு பக்கமும் திறந்த மைதானம். கூடத்தில் மெத்தை உண்டு, வலை உண்டு, பிள்ளை விழுந்தால் அடிபடாது. அந்த மெத்தையின் நுரையும் வலையின் நைலானும் வேகமாக எரிந்து நச்சுப்புகை விடும் பொருட்கள்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்க. உள்ளே போகவும் வெளியே வரவும் ஒரே கேட், அங்கே ஒரு ஆள். பிள்ளை தொலையாது என்று பெற்றோருக்கு நிம்மதி தருவது இந்த ஏற்பாடுதான். புகை சூழ்ந்தால் வழியை அடைப்பதும் இதே ஏற்பாடுதான். பூட்டில்லாத இரண்டாவது வாசல் இருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதற்கு இடம் விட வேண்டும், ஆள் போட வேண்டும். லாபக் கணக்கில் முதலில் அடிபடுவது அதுதான்.

ஆகவே, அடுத்த முறை பிள்ளைகளோடு போகிறவர்கள் டிக்கெட் வாங்கும் முன் கவுண்டரில் கேளுங்க: "இன்னொரு வழி எங்க இருக்கு?" கையை நீட்டிக் காட்டினால் மட்டும் போதாது. நடந்துபோய், அந்தக் கதவைத் தள்ளிப் பாருங்க.