பிளான்டேஷன் லல்லபைஸ்: பெயர் சூட்டும் முன்பே பிறந்த நியோ சோல்

நியோ சோல் இசையின் வரலாற்றை டி'ஆஞ்சலோவின் 'பிரவுன் சுகர்' (1995), எரிக்கா படுவின் 'படுயிசம்' (1997) ஆகிய முதல் தொகுப்புகளிலிருந்து தொடங்குவது வழக்கம். இவற்றுக்கு முன்பே, 1993இல், மடோனாவின் மேவரிக் நிறுவனம் ஒரு முதல் தொகுப்பை வெளியிட்டது. மிஷெல் என்டேகேயோசெல்லோவின் 'பிளான்டேஷன் லல்லபைஸ்' அது. கிராமி பரிந்துரைகள் கிடைத்தும், இந்த வரலாற்றில் அது பெரும்பாலும் அடிக்குறிப்பாகவே நிற்கிறது.

அவர் அடிப்படையில் பாஸ் கிதார் கலைஞர். வாஷிங்டன் டி.சி.யின் கோ-கோ குழுக்களில் வாசித்துத் தேர்ந்தவர். பாடல்களுக்கிடையே தாளம் நிற்காமல் ஓடும் இசை கோ-கோ. அந்தப் பழக்கம் தொகுப்பு முழுவதும் தெரிகிறது. பாஸ் முன்னே நடக்க, குரல் பின்தொடர்கிறது. பல இடங்களில் அவர் பாடுவதில்லை, தாழ்ந்த குரலில் பேசுகிறார். அது ராப்பா, கவிதை வாசிப்பா என்று பிரித்துச் சொல்வது கடினம். கடைக்காரர்கள் எந்த அடுக்கில் வைப்பார்கள்? புறக்கணிப்புக்கு இது ஒரு காரணம் என்றே தோன்றுகிறது. 'நியோ சோல்' என்ற வகைப்பெயரைக் கேடார் மாசன்பர்க் பரப்பியது சில ஆண்டுகளுக்குப் பின்னர்தான். 1994இல் ஜான் மெலன்கேம்ப்புடன் பாடிய 'வைல்ட் நைட்' பெருவெற்றி பெற்றதால், பலருக்கு அவர் அந்த ஒரு பாட்டின் துணைக்குரலாகவே அறிமுகமானார்.

தொடர்ச்சி இல்லாமல் இல்லை. இதில் பணியாற்றிய ஒலிப்பொறியாளர் பாப் பவர், முன்னர் எ டிரைப் கால்டு குவெஸ்ட் குழுவுடனும், பின்னர் 'பிரவுன் சுகர்', 'படுயிசம்' இரண்டிலும் பணியாற்றியவர். ஹிப்-ஹாப்பின் கனத்த தாளத்தை மனிதர் வாசிக்கும் இசைக்கருவிகளோடு இணைக்கும் முறை இங்கேயே உருப்பெற்றுவிட்டது.

தொகுப்பு குறையற்றதன்று. எல்ட்ரிட்ஜ் கிளீவரின் நூற்பெயரைத் தாங்கிய 'சோல் ஆன் ஐஸ்', வெள்ளை அழகை நாடும் கறுப்பின ஆண்களைக் கண்டிக்கிறது. கோபம் நியாயமானது. ஆனால் பாடல் சில இடங்களில் மேடைப்பேச்சாகிவிடுகிறது. அதைக் காப்பாற்றுவது பாஸ்தான். 'டிரெட் லாக்' இதற்கு நேர்மாறு. காதலனின் சடைமுடியை வருடும் ஆசை மட்டுமே அதன் பொருள். முழக்கம் எதுவும் இல்லை. கறுப்பு உடலின் அழகைப் பற்றி முந்தைய பாடல் வாதாடி நிறுவ முயன்றதை, இது விரல்களாலேயே சொல்லிவிடுகிறது. புதிதாகக் கேட்பவர்கள் இந்தப் பாடலிலிருந்து தொடங்கலாம், நல்ல ஹெட்போன் அவசியம். கைப்பேசி ஒலிபெருக்கியில் பாஸ் காணாமல் போய்விடும், அதோடு பாதித் தொகுப்பும்.